எங்கள் பெயரில் இருந்த வீடு

செம்பூரில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. நாங்கள் குடியிருந்தது தாராவியில். இதைச் சொன்னால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள், "அப்பவே ரெண்டு வீடா, பெரிய ஆளுங்கதான்" என்று கிண்டல் செய்கிறார்கள். தாராவியில் இருந்தது வீடு இல்லை, தகரம். மழை பெய்தால் உள்ளே ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குக் கேட்காது. செம்பூர் வீடு எங்கள் பெயரில் இருந்ததே தவிர, அதில் ஒரு நாள்கூட நாங்கள் படுத்து எழுந்ததில்லை.

அறுபதுகளில் மில் ஆட்களுக்கென்று சர்க்காரின் வீட்டு வாரியம் வீடு கட்டிக் கொடுத்தது. சம்பளம் ஓர் அளவுக்குக் கீழே இருக்க வேண்டும், பம்பாயில் வேறு வீடு இருக்கக் கூடாது, குடும்பம் இருக்க வேண்டும். இந்தத் தகுதியெல்லாம் என் அப்பாவிடம் தாராளமாக இருந்தது. மில்லில் பெயர் கொடுத்தார், குலுக்கலில் விழுந்தது. வெளியில் கொடுக்கிற வாடகையைப் பார்த்தால் வாரியத்து வாடகை ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. யார் பெயரில் வீடோ அந்தக் குடும்பம்தான் அதில் இருக்க வேண்டும். உள்வாடகைக்கு விட்டது தெரிந்தால் வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

சாவி வாங்கின அன்று நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். இரண்டாவது மாடி. ஓர் அறை, ஒரு சமையலறை, அதன் மூலையில் குளிக்கிற மோரி. மோரிக்குள் ஒரு குழாய். நான் அந்தக் குழாயைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். தண்ணீர் வந்தது. யாரும் வரிசையில் நிற்கவில்லை, யாரும் என் குடத்தைக் காலால் தள்ளவில்லை. எனக்குப் பதினாறு வயது. அந்தக் குழாயை விட்டு என்னை அம்மா கையைப் பிடித்து இழுத்து வர வேண்டியிருந்தது.

அடுத்த மாதமே அப்பா அந்த வீட்டை உள்வாடகைக்கு விட்டார்.

அவர் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் நியாயமானது, அதனால் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அப்பாவுக்குக் காலை ஷிப்ட். அந்த நேரத்தில் செம்பூரிலிருந்து மில்லுக்கு வந்து சேர முடியாது. அம்மா எங்கள் சந்தில் இட்லி அவித்து விற்றாள். வாடிக்கை ஆட்கள் தாராவியில் இருக்க, செம்பூரில் யாருக்கு அவிப்பது? எல்லாவற்றுக்கும் மேலே அக்காளின் கல்யாணம். மாப்பிள்ளை பார்த்தாயிற்று, கைதான் காலி. "ஒரு வருசந்தான் ஏட்டி. அவ கல்யாணம் முடியட்டும், போயிருவோம்" என்றார் அப்பா. நான் அன்று சோறு தின்னவில்லை. யாரும் என்னைக் கெஞ்சவும் இல்லை.

குடி வந்தவர்கள் மாதுங்காக்காரர்கள். பாலக்காட்டு பிராமணக் குடும்பம். அவர் ஏதோ ஒரு கம்பெனியில் கிளார்க், சட்டையை வெளுப்பாகப் போட்டுக்கொண்டு மெதுவாகப் பேசுகிறவர். மாதுங்காவில் அண்ணன் குடும்பத்தோடு ஒரே பிளாட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். குழந்தை பிறந்ததும் அங்கே தாக்குப்பிடிக்க முடியவில்லை. தனி வீடு வேண்டுமென்றால் முதலில் பகடி என்று ஒரு பெருந்தொகையைக் கையில் வைக்க வேண்டும், அதற்கு ரசீதும் கிடையாது. அவர் சம்பளம் வாரியத்தின் அளவுக்கு மேலே, பகடிக்குக் கீழே. நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர். அவர் மனைவிக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். அவரை மாமா என்றும் அவளை மாமி என்றும் நான் கூப்பிட்டேன். மாமி என்று கூப்பிடும் வயதே இல்லை.

வாரியத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டுமென்று எங்கள் ரேஷன் கார்டைச் செம்பூர் விலாசத்துக்கு மாற்றியிருந்தார் அப்பா. அதன் பலனை நான்தான் அனுபவித்தேன். தாராவியில் பொங்குகிற அரிசியைச் செம்பூர் ரேஷன் கடையில் வாங்க வேண்டும். அங்கிருந்து ரயில், குர்லாவில் இறங்கி வேறு ரயில், சயானில் இறங்கி நடை. தலையில் பை. போகிற வழியில் அந்த வீட்டை எட்டிப் பார்க்காமல் என்னால் வர முடியாது. கால் தானாக மாடி ஏறும்.

மாமி என்னைப் பார்த்தால் சிரிப்பாள். "வந்துட்டியா? வெயில்ல இப்படி அலையறயே" என்பாள். தண்ணீர் கேட்பதற்குள் கொண்டுவருவாள். சில நாள் காகிதத்தில் வைத்து முறுக்கும் கொடுப்பாள். ஆனால் தண்ணீர் குடிக்க எங்களுக்கென்று ஓர் அலுமினியத் தம்ளர் வெளி வராந்தாவின் ஜன்னல் கட்டையில் கவிழ்ந்திருக்கும். அதை நான் நீட்ட வேண்டும், அவள் செம்பை உயரத் தூக்கி ஊற்றுவாள். குடித்ததும் கழுவி அதே இடத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். நாங்கள் ஊரில் பொதுக்கிணற்றைத் தொட முடியாத சாதி. அதிலிருந்து தப்பத்தான் அப்பா பதினெட்டு வயதில் ரயில் ஏறினார். அது எங்களுக்கு முன்னாலேயே வந்து செம்பூர் ஜன்னலில் உட்கார்ந்திருந்தது.

மாமி கெட்டவள் என்றால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் நல்லவள். அவளுக்கு இதில் தப்பே தெரியவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வாசலில் நின்றபடியே நான் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்துப் பார்த்து எனக்கு எல்லாம் பாடமாகிவிட்டது. தீப்பெட்டி ஸ்டவ்வுக்குப் பின்னால். சர்க்கரை மேல்தட்டில், மூடி நசுங்கின டப்பாவில். பால் வலைப்பெட்டிக்குள். பித்தளைக் காபி பில்டர் மோரிச் சுவர் ஓரம். நாங்கள் வந்தால் எதை எங்கே மாற்ற வேண்டும் என்று மனதுக்குள் எடுத்து எடுத்து வைப்பேன். அம்மாவின் இட்லிக் கொப்பரைக்கு எந்த மூலை என்றுகூட முடிவு செய்திருந்தேன். ஒரு வருஷம் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் தேதியைத் தள்ளினார்கள். அப்பா "இன்னும் ஒரு வருசம்" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் வாரியத்திலிருந்து வீடு வீடாகச் சோதனை போடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. பக்கத்துக் கட்டிடத்தில் ஒரு வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்களாம். கட்டிடத்துக் காவலாள் வந்து அப்பாவிடம், நாளைக்கு உங்கள் கட்டிடம் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. வீடு போனால் அக்காளின் கல்யாணம் போச்சு. எனக்குக் கல்யாணத்தைப் பற்றிய கவலை இல்லை, என் குழாய் போய்விடும் என்பதுதான் கவலை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஏற்பாடு இதுதான்: நாங்கள் காலையிலேயே போய் அந்த வீட்டில் வீட்டுக்காரர்களாக உட்கார வேண்டும். அவர்கள் விருந்தாளிகள், குழந்தையைப் பார்க்க வந்த சிநேகிதர்கள். அக்காளை இட்லியைக் கவனிக்க விட்டுவிட்டு அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் கிளம்பினோம். அப்பா மில்லுக்குப் போடுகிற காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, எங்கள் சாமி படத்தைத் துண்டில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அம்மா ஒரு பாய், ஒரு குடம், தன் பழைய சேலை இரண்டு. ரயிலில் எல்லோரும் எங்களைக் குடிபோகிறவர்கள் என்றே நினைத்திருப்பார்கள். எனக்கும் வழியெல்லாம் அப்படி நினைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது.

மாமா தன் கல்யாணப் போட்டோவைக் கழற்றிவிட்டு எங்கள் படத்தை மாட்டினார். அம்மாவின் சேலையைக் கொடியில் போட்டோம். குடத்தை அறையிலேயே வைத்தோம், சமையலறைக்குள் கொண்டுபோகவில்லை. பிறகு உட்கார்ந்தோம். எங்கள் வீட்டில் நாங்கள் வாசலை ஒட்டி, சுவரில் முதுகு படாமல், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். குழந்தை சேலைத் தூளியில் தூங்கியது. மாமி தூளியை ஆட்டுவதும் நிறுத்துவதுமாக இருந்தாள். மாமா நிமிஷத்துக்கு ஒரு தரம் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். ஆலைப் புகை நாற்றம் ஜன்னல் வழியே வந்துகொண்டே இருந்தது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து வராந்தாவுக்குப் போனேன், எட்டிப் பார்த்தேன், வந்தேன், மறுபடி போனேன். "ஏட்டி, ஒரு எடத்துல இரி. பாக்குறவன் என்ன நெனைப்பான்?" என்று அம்மா பல்லைக் கடித்தாள். யாருமே இன்னும் வரவில்லை, யார் பார்ப்பார்கள்? மத்தியானம் ஆகியும் யாரும் வரவில்லை. கொண்டுபோன இட்லியை நாங்கள் வராந்தாவில் நின்று தின்றோம். வீட்டுக்காரர்கள் வெளியில் தின்கிறோம், விருந்தாளிகள் உள்ளே தின்கிறார்கள் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

தின்றதும் அப்பாவுக்குத் தாகம். ஜன்னல் கட்டையிலிருந்து தம்ளரை எடுத்து நீட்டினார். மாமி ஊற்றினாள். அண்ணாந்து குடித்தார். மிச்சத் தண்ணீரால் தம்ளரை அலசி, கைப்பிடிச் சுவருக்கு வெளியே கொட்டி, மறுபடி ஜன்னல் கட்டையில் கவிழ்த்து வைத்தார். யாரும் சொல்லாமல், எதுவும் நினைக்காமல், பழக்கம் போகிற போக்கில் செய்தார். திரும்பினால் மாடிப்படி முடிகிற இடத்தில் வாரியத்து இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

மராட்டிக்காரர். வயதானவர். குடையும் பையும் வைத்திருந்தார். இந்தியில்தான் பேச்சு. உள்ளே வந்து ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்தார், பெயர்களைக் கேட்டார், எல்லாம் சரியாக இருந்தது. சுவரில் படத்தைப் பார்த்தார், கொடியில் சேலையைப் பார்த்தார். "இவர்கள்?" என்றார். "மெஹ்மான், சாப். விருந்தாளிங்க" என்றார் அப்பா.

"வெளியே ஜன்னலில் ஒரு கிலாஸ் இருக்கிறதே, அது யாருக்கு?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பினார். மாமா முந்திக்கொண்டு, "அது காக்காய்க்குத் தண்ணி வைக்கிறதுக்கு" என்று இந்தியில் சொன்னார். நல்ல மனிதர், பாவம், அவருக்குப் பொய் சொல்ல வராது.

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். "காக்காய் குடித்ததை இப்போதுதான் பார்த்தேன். காக்கிச் சட்டை போட்டிருந்தது" என்றார். அவர் சிரிக்கவில்லை. யாருமே சிரிக்கவில்லை. பாயில் உட்கார்ந்து பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "காலையிலிருந்து மாடி ஏறுகிறேன். கொஞ்சம் டீ கிடைக்குமா?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

அம்மா மாமியைப் பார்த்தாள். மாமி சட்டென்று எழுந்து சமையலறைப் பக்கம் ஓர் அடி வைத்தாள். "நீங்கள் உட்காருங்கள், சகோதரி. நீங்கள் விருந்தாளி. வீட்டுக்காரி போடட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அம்மா அசையவில்லை. அந்தச் சமையலறை நிலைக்கு உள்ளே அவள் காலை வைத்தது சாவி வாங்கின அன்று ஒரே ஒரு தரம்தான். எங்கே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் போகமாட்டாள், போக உடம்பு வராது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்திருந்தால் வீடு கையை விட்டுப் போயிருக்கும்.

நான் எழுந்து உள்ளே போனேன்.

ஸ்டவ்வுக்குப் பின்னாலிருந்து தீப்பெட்டி எடுத்தேன். பம்ப் அடித்துப் பற்றவைத்தேன். வலைப்பெட்டியைத் திறந்து பாலை எடுத்தேன். டீத்தூள் அந்த வீட்டிலேயே கிடையாது என்பது எனக்குத் தெரியும். "மதராசி வீட்டில் டீ இல்லை சாப், காபிதான்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தேன். "பரவாயில்லை" என்றார். பில்டரில் காலை டிகாக்ஷன் மிச்சமிருந்தது. மேல்தட்டிலிருந்து சர்க்கரை. எதையும் தேடவில்லை, எந்த மூடியையும் வீணாகத் திறக்கவில்லை. என் கை பட்ட ஒவ்வொரு பாத்திரத்தையும் மாமி அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக மனதில் நடத்தின குடித்தனத்தை முதல் தடவை கையால் நடத்தினேன்.

எல்லோருக்கும் தம்ளரில் கொண்டுவந்து வைத்தேன், வீட்டு எவர்சில்வர் தம்ளர்களில். இன்ஸ்பெக்டர் எடுத்துக் குடித்தார். அம்மாவும் அப்பாவும் எடுத்தார்கள். மாமா கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டார். மாமி தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"விருந்தாளிக்குக் காபி பிடிக்கவில்லையா?" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் பேனாவை எடுத்துவிட்டார், ஆனால் எழுதவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தொட்டு, நான் போட்ட காபி. அவள் குடிக்காவிட்டால் அவர் என்ன எழுதுவார் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு வீடு இல்லை, அவளுக்கும் இல்லை. மறுபடி மாதுங்காவில் அண்ணன் வீட்டு நடையில் குழந்தையோடு போய் நிற்க வேண்டும். மாமி தூளியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற மாதிரிதான் பார்த்தாள், ஆனால் நான் என்ன செய்ய முடியும்? முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளவும் நான் தயாராக இல்லை. குடி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

குடித்தாள். தூக்கிக் குடிக்க முயன்றாள், பாதி கழுத்தில் வழிந்தது. கடைசியில் உதட்டில் வைத்தே குடித்து முடித்தாள்.

இன்ஸ்பெக்டர் எழுதினார், அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார். குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த தடவை வேறு ஆள் வருவான். குடியிருக்கிறவனுக்குத்தான் வீடு" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். கீழே இறங்கிப் போனார். மாமா சுவரில் சாய்ந்து, "அப்பாடா, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார்.

நாங்கள் படத்தைக் கழற்றினோம், சேலைகளை மடித்தோம், பாயைச் சுருட்டினோம். அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். மாமி சமையலறை நிலையில் நின்று நாங்கள் போவதற்காகக் காத்திருந்தாள். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

கீழே வந்து கட்டிடத்தின் பின்பக்கமாக நடந்தபோது மேலே தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தரையில் போடுகிற சத்தம். மோரித் தண்ணீர் இறங்குகிற குழாய் சுவரோரமாகக் கடகடவென்று பொங்கி எங்கள் காலடியில் வந்து விழுந்தது. குழாயை முழுக்கத் திறந்துவிட்டிருக்கிறாள், வீட்டையே கழுவுகிறாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகை இல்லை, கோபம்.

"வா, ரயிலுக்கு நேரமாச்சு" என்றாள் அம்மா. அவளுக்கும் கேட்டிருந்தது.

அப்பா நின்றுவிட்டார். காலில் பட்ட தண்ணீரைப் பார்த்தார். படத்தை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி மாடி ஏறினார். நானும் பின்னாலேயே ஓடினேன். வராந்தாவில் நின்று கூப்பிடவில்லை அவர். நேராக உள்ளே போய், நனைந்த தரையில் நின்றார். மாமி துடைப்பத்தோடு நிமிர்ந்தாள்.

"சாமி, இந்த மாசக் கடைசியில வீட்டை ஒழிச்சுக் குடுத்துருங்க. நாங்க குடி வாரோம்" என்றார் மாமாவைப் பார்த்து.

மாமா மாமியைப் பார்த்தார். மாமிதான் பேசினாள். அழுதுகொண்டே பேசினாள். "நான் குடிச்சேனே. உங்க எதிர்ல குடிச்சேனே. இந்த வீட்டுக்காகத்தானே குடிச்சேன்? கொழந்தையை வச்சுண்டு நாங்க எங்க போவோம்?"

"ஆமாம்மா, வீட்டுக்காகத்தான் குடிச்சீக. நாங்களும் இத்தன நாளும் வீட்டுக்காகத்தான் வெளியில நின்னோம்" என்றார் அப்பா. அவர் குரல் உயரவில்லை. அதற்கு மேல் அவரும் நிற்கவில்லை.

மூன்று பேரும் ரயில் நிலையத்துக்கு நடந்தோம். எனக்கு ஓட வேண்டும் போல இருந்தது. கூட்டத்தில் ஏறி ரயில் கிளம்பின பிறகுதான் அம்மா மெல்லக் கேட்டாள்: "பெரியவ கல்யாணத்துக்கு என்ன செய்யப் போறீய? அவுக வாடகைய நம்பித்தான வாக்குக் குடுத்துருக்கோம்."

அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். குர்லா வந்தது.

"எப்ப நடக்கணுமோ அப்ப நடக்கட்டும்" என்றார். "ஆனா பெரியவ கல்யாணமாயி நம்ம வீட்டுலருந்து போவட்டும்."